பொழுது சாய்ந்த பிறகு பறித்த துளசி

1

நிலா பாஸ்தா செய்துகொண்டிருந்தாள். என் குழப்பம் எல்லாம் அந்த பாஸ்தாவில்தான் ஆரம்பித்தது.

நிலா என் மகள். பதினைந்து வயது. ஐந்து வயதில் ஜெர்மனிக்கு வந்தவள், ஊர் என்று கேட்டால் இந்த ஊரின் பெயரைத்தான் சொல்வாள். அன்று ஞாயிற்றுக்கிழமை, கோடைகாலம், சாயங்காலம் ஐந்து மணி. பால்கனியில் கண் கூசும் வெயில். நான் திருப்பதி பக்கம் திருச்சானூரில் இருக்கும் என் அக்கா கன்னியம்மாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். நிலா அடுப்பைக் குறைத்துவிட்டு பால்கனிக்குப் போனாள். தொட்டியில் இருந்த துளசியில் ஒரு கொத்தைக் கிள்ளிக்கொண்டு வந்தாள். பாஸ்தாவில் போடும் பேசில் இலை தீர்ந்துவிட்டதாம், இதுவும் அதே குடும்பத்துச் செடிதானே என்றாள். செடிகளின் குடும்ப உறவை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

அக்கா போனுக்குள் இருந்து அலறினாள். "அய்யய்யோ! இன்னாடா இது? பொழுது சாஞ்சி இம்மா நேரமாச்சி. அந்தப் பொண்ணு துளசியக் கிள்ளிக்கினு போவுது, நீ பாத்துக்கினு குந்திகினு கீற!"

"அத்தை, இங்க வெயில் அடிக்குது பாருங்க" என்று நிலா போனை வாங்கி பால்கனிப் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

அக்கா கொஞ்ச நேரம் அந்த வெயிலையே பார்த்தாள். திருச்சானூரில் அப்போது இரவு எட்டரை. பின்னால் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. "அங்க வெயிலுன்னா… சரி. ஆனா இங்க ராத்திரி ஆயிடுச்சே. துளசிக்கு எந்த ஊரு பொழுதுடா?" என்று என்னைக் கேட்டாள்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போதுதான் அது உறைத்தது.

"அக்கா, பொழுது சாஞ்சா நீ துளசியைத் தொடமாட்டியா?"

"யாருதான் தொடுவாங்க?"

"அப்போ போன மார்கழியில எனக்காக ராத்திரியில எப்படிப் பறிச்சே?"

அக்கா திரையை விட்டுப் பார்வையைத் திருப்பினாள். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமாவின் குரல் மட்டும் கேட்டது. "சொல்லிடு. எத்தினி நாளைக்கு மறைப்ப?"

2

நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஊரில் கேட்டால் மூலிகை ஆராய்ச்சி என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். உடனே சர்க்கரைக்கு என்ன இலை தின்னலாம் என்று கேட்பார்கள். சத்தியமாக எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இலைக்குள் நடக்கும் ஒரே ஒரு வேலை.

துளசி போன்ற செடிகளின் இலையில் ஃபிளேவனாய்டு என்று ஒரு வகைச் சேர்மங்கள் உண்டு. கடும் வெயிலில் இலை கருகாமல் காப்பது இவற்றின் வேலைகளில் ஒன்று. மருந்துக் குணம் என்று நாம் சொல்வதில் ஒரு பங்கும் இவற்றுக்கு உண்டு. இவற்றைத் தயாரிக்க இலைக்குள் வரிசையாகப் பல மரபணுக்கள் வேலை செய்யவேண்டும். அவை தாமாக வேலை செய்வதில்லை. அவற்றை முடுக்கிவிட வேறு சில மரபணுக்கள் இருக்கின்றன. நாங்கள் பிறந்து வளர்ந்த நகரியில் எங்கள் தெருவில் விசைத்தறிக் கொட்டகைக்கு மேஸ்திரி வந்தால்தான் தறி ஓடும், அவர் வீட்டுக்குக் கிளம்பினால் சத்தம் நிற்கும். இதுவும் அப்படித்தான். வெயில் வந்தால் மேஸ்திரி மரபணு விழிக்கும், இருட்டினால் அடங்கும். எந்தச் செடியில் எவ்வளவு, எந்த நேரத்தில் என்று அளப்பதுதான் எனக்குச் சம்பளம் கொடுக்கும் வேலை.

இங்கே ஆய்வுக்கூடத்தில் துளசியை மூடிய அறைக்குள் விளக்கு வெளிச்சத்தில் வளர்க்கிறோம். அங்கே பகலும் இரவும் எங்கள் விருப்பம். யாருக்கும் தூக்கம் கெடவேண்டாம் என்று மத்தியானம் இரண்டு மணிக்கே விளக்கு அணைந்து செடிக்கு ராத்திரி ஆகிவிடும்படி வைத்திருக்கிறேன். நல்ல வெயில் நேரத்தில் அந்த இருட்டுக்குள் நுழைந்து, செடியின் இருட்டைக் கெடுக்காத பச்சை விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு இலை கத்தரிப்பேன். வருடக்கணக்காக அப்படித்தான்.

அறைக்குள் வளர்வதும் நம்மூர் வெயிலில் வளர்வதும் ஒன்றா என்று பார்க்கவேண்டியிருந்தது. ஆனால் நம் நாட்டுச் செடியின் இலையை வெளியே அனுப்ப முறையான அனுமதி வேண்டும். எங்கள் விண்ணப்பம் எந்த மேசையில் தூங்குகிறது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. எண்களை அனுப்ப மட்டும் தடையில்லை. என்னோடு படித்தவர் ஒருவர் திருப்பதியில் ஒரு கல்லூரியில் இருக்கிறார். அவருடைய ஆய்வுக்கூடத்திலேயே அளந்து எண்களை மட்டும் அனுப்புவது என்று முடிவானது. அளப்பது லாவண்யா என்ற ஆராய்ச்சி மாணவி. அவளுடைய ஹாஸ்டல் கதவை இருட்டுவதற்குள் பூட்டிவிடுவார்கள், ராத்திரி இலையை அவளால் எடுக்க முடியாது. அதனால்தான் அக்கா வீட்டுத் தோட்டம். ஒரு வரிசைத் துளசி நட்டு, நேரம் எழுதிய குப்பிகளைக் கொடுத்துவிட்டு வந்தேன். இலையைப் போட்டால் அந்த நிமிஷத்தில் உள்ளே என்ன நடந்துகொண்டிருந்ததோ அதை அப்படியே நிறுத்தி வைக்கும் திரவம் குப்பியில் இருக்கும். அக்கா பறித்துப் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் காலையில் லாவண்யா வந்து எடுத்துக்கொள்வாள்.

எண்கள் வந்தன. திருச்சானூர்த் துளசியில் மேஸ்திரி ராத்திரி முழுக்க வீட்டுக்கே போகவில்லை.

எங்கள் பேராசிரியை அந்த எண்களை வைத்து நான் வரைந்த கோட்டைப் பார்த்துவிட்டு, "மேசை விளிம்பு மாதிரி நேராக இருக்கிறதே" என்றார். அவர் வியந்தாரா சந்தேகப்பட்டாரா என்று எனக்குப் புரியவில்லை. அவர் ஜெர்மனில் என்ன சொன்னாலும் பாதிக்கு எனக்கு இப்படித்தான். வியப்பு என்றே எடுத்துக்கொண்டேன். அந்தக் கோட்டை நடுவில் வைத்துப் புதிய திட்டத்துக்கு நிதி கேட்டு எழுத ஆரம்பித்தோம். என் வேலையும் அந்தத் திட்டத்துக்குள்தான் இருந்தது.

3

வேலை என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். இங்கே வேலை போனால் வேலை மட்டும் போகாது.

என் ஒப்பந்தம் செப்டம்பரில் முடிகிறது. விசாவும் அதே நாளில் முடிகிறது. நிரந்தர அனுமதிக்கு மொழித் தேர்வு எழுதவேண்டும், அதில் இரண்டு தடவை கோட்டை விட்டேன். வெளிநாட்டவர் அலுவலகத்தில் என்னை 'ஹெர் முனுசாமி', அதாவது திரு முனுசாமி, என்று கூப்பிடுவார்கள். முனுசாமி என் நைனா, அப்பா பெயர்தான் இங்கே குடும்பப் பெயர். நகரியில் தறி ஓட்டியவர், பாஸ்போர்ட்டே எடுக்காதவர். அவரை இந்த நாட்டு அதிகாரிகள் வருஷா வருஷம் பெயர் சொல்லி அழைத்து, ஏன் இன்னும் இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள்.

போன மாதம் அந்த அலுவலகத்தில் என் ஒப்பந்தம் செப்டம்பர் வரை இருக்கிறது என்று சொல்லப்போய், என் சொற்பொழிவு செப்டம்பர் வரை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இரண்டுக்கும் ஜெர்மனில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி அம்மாள் சிரிக்கவில்லை. "அது நீண்ட சொற்பொழிவு" என்று மட்டும் சொல்லிவிட்டு முத்திரை குத்தினார். மொழிபெயர்க்கக் கூடவந்த நிலா வெளியே வந்து பஸ் வரும்வரை என்னை விட்டுப் பத்தடி தள்ளி நின்றாள்.

"வேலை கிடைக்கலன்னா நாம திருப்பதிக்குப் போயிடுவோமா?" என்று பஸ்ஸில் கேட்டாள்.

"போகலாம்" என்றேன்.

"நீங்க போங்க. நான் இங்க மாயா வீட்ல இருந்துக்கறேன்." மாயா அவளுடைய வகுப்புத் தோழி. இதை நிலா கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மாயாவின் அம்மாவிடம் கேட்டு முடித்துவிட்டவள் போல நிதானமாகச் சொன்னாள். எனக்குப் பயமாக இருந்தது.

இந்த நிலைமையில்தான் அந்தக் கோடு எனக்கு வேண்டியிருந்தது.

4

அக்கா சொன்னது இதுதான்.

"பொழுது சாயறதுக்கு முன்னாடியே ராத்திரி டப்பாவுக்கும் விடியகால டப்பாவுக்கும் சேத்துப் பறிச்சிப் போட்டுட்டேன்டா. நீ எழுதிக் குடுத்த டப்பா ஒண்ணுகூட மாத்தல. இல இலதானே. அப்ப பறிச்சா இன்னா, இப்ப பறிச்சா இன்னா?"

"இன்னாவா? அதுதானேக்கா ஆராய்ச்சியே!"

"கத்தாத. நீ வேலைல நெலச்சி நிக்கணும்னு தெனம் அந்தத் துளசிக்குத்தான் வெளக்கு வெக்கறேன். அதையே இருட்டுல கிள்ளிக்கினு, அதுங்கிட்டயே போயி எந்தம்பிக்கு நல்லது பண்ணும்மான்னா எந்த மொகத்த வெச்சிக்கினு கேக்கறது?"

கோபம் வந்தது, ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை. இதே வழக்கத்தில் வளர்ந்தவன்தானே நானும்? பொழுது சாய்ந்தால், துவாதசி வந்தால், துளசியில் கை வைக்கக்கூடாது என்பது நகரியில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எந்தெந்த நேரத்தில் பறிக்கவேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்தபோது அது ஒரு முறைகூட நினைவுக்கு வரவில்லையே, அது எப்படி? நான் செடியின் லத்தீன் பெயரைத்தான் எழுதியிருந்தேன். லத்தீன் பெயருக்கு யாரும் விளக்கு வைப்பதில்லை.

இது போதாதென்று, மாமா விஷயத்தைக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டார். துளசியை இரவில் பறிக்கக்கூடாது என்று நம் முன்னோர் சொன்னதன் பின்னால் இருக்கும் விஞ்ஞானம் என்று ஒரு நீளமான செய்தியைச் சித்தூரில் இருக்கும் சின்னம்மா மகன் அனுப்பினான். அதில் இருந்த விஞ்ஞானம் எல்லாம் தப்பு. ஒவ்வொன்றாக மறுத்து எழுதி, அனுப்பாமல் அழித்தேன். நான் எந்தக் கட்சி என்று எனக்கே விளங்காதபோது யாரோடு சண்டை போடுவது?

சொல்லாமல் விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். யோசித்தேன் என்பது மரியாதையான வார்த்தை, உண்மையில் ஆசைப்பட்டேன். அந்த எண்களைத் திருச்சானூருக்குப் போய் யாரும் சரிபார்க்கப் போவதில்லை. நிலா பள்ளிக்கூடத்தை முடித்துவிடுவாள். ஆனால் அந்தக் கோட்டை நம்பி நாளைக்கு வேறு எவனாவது தன் வேலையைக் கட்டுவானே என்ற நினைப்பு விடவில்லை. வியாழக்கிழமை பேராசிரியையின் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

முழுவதையும் ஜெர்மனில் சொன்னேன். அந்த மொழியில் நான் பேசியவற்றிலேயே நீளமான பேச்சு அதுதான். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "நீ இங்கே ஒவ்வொரு வாரமும் இருட்டில் பறிக்கிறாயே?" என்றார்.

"ஆமாம்."

"அது வேறு செடியா?"

"அதே செடிதான்" என்றேன். சொல்லும்போதே அது சரியான பதிலா என்று சந்தேகமாக இருந்தது.

நிதி விண்ணப்பத்தை அனுப்ப இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது, அதற்குள் நிஜமான ராத்திரி இலையைக் கொண்டுவா என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

5

லாவண்யாவுக்குப் போன் செய்தேன். ஹாஸ்டலில் அனுமதி வாங்கித் தருகிறேன், ஒரே ஒரு ராத்திரி பறித்துக் கொடு என்றேன்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. ராத்திரி துளசியா? மா அம்ம நன்னு சம்பேஸ்துந்தி!" என்றாள். அவள் அம்மா அவளைக் கொன்றே போடுவாளாம். துளசியில்தான் டாக்டர் பட்டம் வாங்கப்போகிறாள் அந்தப் பெண்.

ஆகவே நானே கிளம்பினேன். சென்னையில் இறங்கிக் காரில் வந்தேன். புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் இடத்தருகே வழக்கமான கூட்டம், வண்டி நகரவே இல்லை. சாயங்காலத்துக்குள் போய்ச் சேரவேண்டும் என்று ஓட்டுநரை அவசரப்படுத்தினேன். பிறகு எனக்கு வேண்டியதே இருட்டுதான் என்று நினைவு வந்து சாய்ந்து உட்கார்ந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா விளக்கு வைத்து முடித்திருந்தாள். மாமா தான் ஓட்டும் ஷேர் ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே டீவி முன்னால் உட்கார்ந்துகொண்டார், இதை அவர் பார்க்க விரும்பவில்லை. இருட்டும்வரை அக்காவும் நானும் தோட்டத்தில் நிலாவின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். துளசி நன்றாகச் செழித்து மணந்தது. இருட்டிய பிறகு நான் கையுறை மாட்டி, கத்தரியை எடுத்துக்கொண்டு வரிசையின் முன்னால் குந்தினேன்.

எத்தனையோ தடவை செய்த வேலை. கை இலைவரைக்கும் போனது. அங்கேயே நின்றது.

"எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை கிடையாதுக்கா" என்றேன். யாரும் கேட்காமலே சொன்னேன்.

"தெரியும்டா. உனுக்கு நம்பிக்க இல்ல, சரி. அது அதுக்குத் தெரியுமா?" என்று செடியைக் காட்டினாள். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டாள்.

நான் கத்தரியை மறுபடி நீட்டினேன். அக்கா என் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "தள்ளு. நீ புள்ளகுட்டிக்காரன். எனுக்கு இன்னா கீது? வந்தா வந்துட்டுப் போவுது."

அக்காவுக்குக் குழந்தை இல்லை. பார்க்காத வைத்தியம் இல்லை, போகாத கோயில் இல்லை. அவள் அதைப் பற்றி இத்தனை லேசாகப் பேசி நான் கேட்டதே இல்லை. வேண்டாம் அக்கா, நானே பறிக்கிறேன் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். நம்பிக்கை இல்லாதவன்தானே, எனக்கு என்ன வந்துவிடும்? சொல்லவில்லை. நகர்ந்து உட்கார்ந்து குப்பியின் மூடியைத் திறந்து பிடித்தேன். மனசுக்கு ஆறுதலாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்.

அக்கா கத்தரியை வாங்கவில்லை. நகத்தாலேயே கிள்ளினாள். ஒவ்வொரு இலைக்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தாயே, கேக்கறவன் அவன். கிள்றவ நான். அவன ஒண்ணும் பண்ணிடாத" என்று செடியிடம் சொன்னாள். விடிவதற்கு முன்னால் எடுக்கவேண்டிய இலையையும் அவளே எழுந்து பறித்துப் போட்டாள், என்னை எழுப்பவில்லை.

6

எண்கள் வந்துவிட்டன. திருச்சானூர்த் துளசியிலும் மேஸ்திரி பொழுது சாய்ந்தால் வீட்டுக்குப் போய்விடுகிறார். ஆய்வுக்கூடத்துத் துளசியைப் போலவே, எல்லாத் துளசியையும் போலவே. அதிசயம் ஒன்றும் இல்லை.

பேராசிரியை விண்ணப்பத்தை மாற்றி எழுதினார். வேறொரு திட்டத்தில் மீந்திருந்த நிதியில் எனக்கு அடுத்த வசந்தம் வரை ஒப்பந்தம் கிடைத்தது. விசாவும் அதுவரை. நிலாவிடம் சொன்னேன். "சரி, அப்போ மாயா அம்மாகிட்ட வசந்தத்துக்கு அப்புறம்னு சொல்லிடறேன்" என்றாள். அக்காவிடம் வேலை நிலைத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். வசந்தம் வரை என்பதைச் சொல்லவில்லை. "பாத்தியா, அது கோச்சிக்கல" என்று சந்தோஷப்பட்டாள்.

நான் திரும்பி வந்து கொஞ்ச நாளில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு வாரமாகிறது, விட்டு விட்டு வருகிறது. ரத்தம் பார்த்தார்கள், பயப்பட ஒன்றும் இல்லை என்றார்கள். "ஊரு பூரா காச்சலு, எனுக்கு மட்டும் வராதா?" என்கிறாள். மாமாவும் அதையேதான் சொல்கிறார். ஆனால் துளசியைப் பற்றி அவர் இப்போதெல்லாம் பேசுவதே இல்லை. நானும் மழைக்காலம், கொசு, வைரஸ் என்று எல்லாம் தெரிந்தவன்தான். தினம் காலையில் போன் செய்து எத்தனை டிகிரி என்று கேட்கிறேன். துளசிக் கஷாயம் வைத்துக் குடிக்கிறாயா என்று ஒரு நாள் கேட்கப்போய், பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

நேற்று மத்தியானம் ஆய்வுக்கூடத்தில் என் முறை. இரண்டு மணிக்கு அறைக்குள் விளக்கு அணைந்தது. வெளியே நல்ல வெயில். தலையில் பச்சை விளக்கைக் கட்டிக்கொண்டு செடி முன்னால் நின்றேன். பகலில்தானே பறிக்கிறேன், வெளியே சூரியன் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். இந்தச் செடிக்கு இப்போது ராத்திரி, அந்த ராத்திரியை வைத்தவனும் நான்தான் என்பதும் கூடவே வந்தது. திருச்சானூரில் அப்போது அக்கா விளக்கு வைக்கத் திரியைத் திரித்துக்கொண்டிருப்பாள், அல்லது காய்ச்சலில் படுத்திருப்பாள்.

வெளியே வந்தேன். அடுத்த மேசையில் வேலை செய்யும் யோனாஸ் காபி குடித்துக்கொண்டிருந்தான். முதுகு பிடித்துக்கொண்டது, இன்றைக்கு மட்டும் எனக்காக நீ எடுத்துக் கொடு என்றேன். நல்ல பையன், ஏன் என்று கேட்கவில்லை. கத்தரியை வாங்கிக்கொண்டு விசிலடித்தபடி உள்ளே போனான், ஐந்து நிமிஷத்தில் எல்லாக் குப்பியையும் நிரப்பிக்கொண்டு வந்தான். நன்றி சொல்லி வாங்கி வைத்தேன்.

அவனும் புள்ளகுட்டிக்காரன், வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் என்பது பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் உறைத்தது.